உலகத்துக்கு ஒரே பாஸ்புக்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதத் தோன்றும். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார வைத்தால், பந்தியில் உட்கார வைத்ததைவிட அதிகமாகச் சந்தோஷப்படுகிற ரகம் நாங்கள்.

அதனால் விஞ்ஞானிகள் எழுதுகிற கனமான புத்தகங்களைக் கண்டால் எனக்குப் பயம் இல்லை. சூத்திரம் புரியாது, நிஜம்தான். ஆனால் கடைசியில் அவர்களும் ஒரு கணக்குதானே எழுதியிருக்கிறார்கள்? யார் பெயரில் எழுதினார்கள், எந்தச் செலவை விட்டுவிட்டார்கள் என்று நம்மால் பார்க்க முடியும் இல்லையா?

அப்படிப் பார்த்த ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் இந்த வாரம். 'தி லிமிட்ஸ் டு க்ரோத்'. தமிழில் 'வளர்ச்சியின் எல்லைகள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1972 மார்ச்சில் வெளிவந்தது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. எனக்குக் கிடைத்தது திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில். ஒரு பக்கம் காஸ்ட் அக்கவுன்டன்ஸி கைடு, இன்னொரு பக்கம் ஜோசியப் புத்தகம், நடுவில் இது. கடைக்காரர் தெரிந்து வைத்தாரோ, தெரியாமல் வைத்தாரோ, சரியான இடம். இன்றைக்கும் இதைப் பாதிப் பேர் கணக்கு என்கிறார்கள், பாதிப் பேர் ஜோசியம் என்கிறார்கள்.

முதலில் கதைச் சுருக்கம்.

1968-ல் ரோம் நகரத்தில் சில பெரிய மனிதர்கள் கூடினார்கள். கூட்டியவர்களில் ஒருவர் அவுரேலியோ பெச்சே. ஃபியட், ஒலிவெட்டி கம்பெனிகளில் பெரிய பதவிகளில் இருந்த இத்தாலியர். இன்னொருவர் அலெக்ஸாண்டர் கிங் என்கிற ஸ்காட்லாந்து விஞ்ஞானி. உலகம் போகிற போக்கு சரியில்லை என்று கவலைப்பட்டார்கள். நாமாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டு, அரசாங்கத்தைத் திட்டிவிட்டுக் கலைந்திருப்போம். அவர்கள் 'கிளப் ஆஃப் ரோம்' என்று ஒரு அமைப்பை ஆரம்பித்தார்கள்.

1970-ல் அவர்களுடைய கூட்டத்துக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து ஜே ஃபாரஸ்டர் என்ற ப்ரொஃபஸர் வந்தார். இவர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1950-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் கென்டக்கி தொழிற்சாலைகளில் ஒரு குழப்பம். சில வருடம் மூன்று ஷிஃப்ட் ஓட்டினாலும் சரக்கு போதாது. சில வருடம் சரக்கு தேங்கிப்போய், ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். என்ன கோளாறு? ஃபாரஸ்டர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தார். ஸ்டாக் எவ்வளவு, ஆர்டர் எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று வாரா வாரம் போட்டுப் பார்த்தார். வெளியே வியாபாரம் ஒழுங்காக இருந்தாலும், தாமதமாக வருகிற தகவலை நம்பி முடிவெடுக்கிற பழக்கமே தொழிற்சாலையை ஊஞ்சல் ஆட்டிவிடும் என்று தெரிந்தது. இந்த முறையைத்தான் அவர் தொழிற்சாலையிலிருந்து நகரத்துக்கும், நகரத்திலிருந்து உலகத்துக்கும் கொண்டுபோனார். ஆக, உலகத்தின் எதிர்காலத்தைச் சொன்ன கணக்கு ஒரு குடோன் கணக்கில் பிறந்தது. காமர்ஸ்காரன் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள இது போதாதா!

புத்தகத்தை எழுதியது ஃபாரஸ்டர் வழியில் வந்த இளைஞர் கூட்டம். தலைவர் டென்னிஸ் மெடோஸ். எழுத்து வேலையில் பெரும்பகுதி அவர் மனைவி டொனெல்லா மெடோஸுடையது. ஹார்வர்டில் உயிர் இயற்பியல் படித்தவர். இரண்டு பேருக்கும் முப்பது வயசை ஒட்டித்தான். இந்த வேலையில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்புதான் இங்கிலாந்திலிருந்து இலங்கை வரை போய்த் திரும்பிய ஒரு நீண்ட பயணத்தை முடித்திருந்தார்கள். இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பணம் கொடுத்தது ஃபோக்ஸ்வாகன் ஃபவுண்டேஷன். கார் கம்பெனிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம்தான், ஃபவுண்டேஷன் தனி.

இவர்கள் உலகத்தை ஐந்து தலைப்பில் சுருக்கினார்கள். ஜனத்தொகை, தொழில் உற்பத்தி, உணவு, பூமியில் தோண்டியெடுக்கிற கனிமங்கள், மாசு. ஒன்று ஏறினால் மற்றது என்ன ஆகும் என்று சமன்பாடுகள் எழுதி, கம்ப்யூட்டரிடம் கொடுத்து 2100 வரை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த கம்ப்யூட்டர் உலகத்துக்குப் பெயர் 'வேர்ல்ட்-3'.

புத்தகத்தின் உயிர் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. வட்டிக்கு வட்டி! அசலோடு வட்டி சேர்ந்து, அந்த வட்டியும் குட்டி போடுகிற விவகாரம். நாங்கள் காலேஜில் இதை எப்போதும் பணம் கொடுத்தவன் பக்கம் நின்றுதான் படித்தோம். எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று எச்சில் ஊற எண்ணினோம். மெடோஸ் கோஷ்டி நம்மைக் கடன் வாங்கியவன் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. 70-ஐ வளர்ச்சி சதவீதத்தால் வகுத்தால், இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று கிடைக்கும். அன்றைக்கு உலக ஜனத்தொகை வருடத்துக்கு 2.1 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. வகுத்துப் பாருங்கள், 33 வருடம்.

குளத்தில் அல்லி படர்கிற புதிர் ஒன்றும் அதில் வருகிறது. தினம் இரட்டிப்பாகும் அல்லி, முப்பதாவது நாள் குளம் முழுக்க மூடிவிடும். பாதிக் குளம் மூடுவது எந்த நாள்? பதினைந்து என்று வாய் வரைக்கும் வரும். விடை இருபத்தொன்பது. பாதிக் குளம் காலியாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கப் போனால், விடிந்ததும் தண்ணீரே தெரியாது.

புத்தகம் சொன்னது இதுதான்: இதே போக்கில் போனால் நூறு வருடத்துக்குள் எல்லையைத் தொடுவோம். தொட்டதும் பிரேக் போட முடியாது. ஏனென்றால் இன்று கலக்கிற விஷம் நாளைக்குத்தான் தெரியும். கென்டக்கி தொழிற்சாலையில் பார்த்த அதே தாமதம். அதனால் எல்லையைத் தாண்டி ஓடி, பிறகு சரிவோம்.

வந்தது பாருங்கள் எதிர்ப்பு! முப்பது மொழிகளுக்குப் போன புத்தகம், லட்சக்கணக்கில் விற்றது, அதற்குச் சமமாகத் திட்டும் வாங்கியது. குப்பையைப் போட்டால் கம்ப்யூட்டரிலிருந்து குப்பைதான் வரும் என்றார்கள் பொருளாதார நிபுணர்கள். சரக்கு குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் மாற்று கண்டுபிடிப்பான், இது தெரியாதா இவர்களுக்கு என்று கேட்டார்கள். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 1973-ல் ஒரு முழுப் புத்தகமே மறுப்பாகப் போட்டார்கள். 'கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மால்தஸ்' என்பது அதில் ஒரு கட்டுரையின் தலைப்பு.

சில கேலிகள் நியாயமில்லை. தங்கம் ஒன்பது வருடத்தில் தீரும், பெட்ரோல் இருபது வருடத்தில் தீரும் என்று புத்தகம் சொன்னதாக இன்றைக்கும் சிரிப்பவர்கள் உண்டு. புத்தகத்தில் இருக்கும் அட்டவணையில் அது ஒரு காலம் மட்டும்தான். தெரிந்த இருப்பு மட்டும்தான் என்றால் தங்கம் 9, பெட்ரோல் 20. இருப்பு ஐந்து மடங்காக இருந்தால் 29, 50. பக்கத்துக் காலத்தைப் படிக்காமல் சிரிப்பவரை ஆடிட்டர் ஆபீஸில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். (ஐந்து மடங்குக் கணக்கின் கெடுவும் தாண்டிவிட்டது, தி. நகரில் தங்கம் தீரவில்லை. தீர்வது நம் பர்ஸ்தான். விலையைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது.)

சரியாகச் சொன்ன இடமும் இருக்கிறது. காற்றில் கரியமில வாயு அப்போது பத்து லட்சத்தில் 320 பங்கு அளவில் இருந்தது. 2000-த்தில் 380 ஆகலாம் என்று எழுதினார்கள். 2000-த்தில் வந்தது கிட்டத்தட்ட 370. பூமி சூடாவது பற்றி நம் பத்திரிகைகள் வாயே திறக்காத காலத்தில் எழுதியது அது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2008-ல் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் டர்னர், முப்பது வருட நிஜப் புள்ளிவிவரத்தைப் பழைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். 'இதே போக்கில் போனால்' என்று வரைந்த கோட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. ஆனால் ஒரு வார்த்தை. இது ஏற்றத்தின் பகுதி. ஏறும்போது ஒத்துப்போனதால், இறக்கமும் அப்படியே வரும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

சரி, என் புகாருக்கு வருகிறேன். நிபுணர்களின் புகார் வேறு, என் புகார் வேறு.

2019 கோடை. சென்னையில் தண்ணீர் இல்லை, ஏரிகள் காய்ந்து கிடந்தன. எங்கள் அபார்ட்மென்ட்டில் அவசர மீட்டிங். இருபது வீடு, ஒரு சம்ப், லாரித் தண்ணீர், செலவை இருபதால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு. செயலாளர் எழுந்து, "நாம எல்லோரும் சிக்கனமா இருக்கணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஒரு வீட்டில் குளியல் தொட்டி. ஒரு வீட்டில் தினம் கார் கழுவுவார்கள். இரண்டு வீட்டில் வயதானவர் ஒருவர் மட்டும் தனியாக இருந்தார். கடைசியில் என்ன தீர்மானம் தெரியுமா? வாட்ச்மேன் குடும்பம் பிடிக்கிற கீழ்த்தளக் குழாயைப் பகலில் மூடி வைப்பது. ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன்.

'வேர்ல்ட்-3'-ன் கோளாறு இதுதான். உலகம் முழுக்க அதற்கு ஒரே பாஸ்புக். அதில் டெட்ராய்ட் கிடையாது, திருநெல்வேலி கிடையாது. கார் வைத்திருப்பவர், கால்நடையாகப் போகிறவர் எல்லோரையும் கூட்டி வகுத்த 'சராசரி மனிதர்' ஒருவர்தான் இருக்கிறார். டொனெல்லாவும் டென்னிஸும் இலங்கை வரை போய்த் திரும்பியவர்கள். பசியையும் பார்த்திருப்பார்கள், அதற்குப் பக்கத்திலேயே மாளிகையையும் பார்த்திருப்பார்கள். ஆனால் கணக்கில் அந்த வித்தியாசத்துக்குத் தலைப்பு இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். வளர்ச்சி நடக்கிற விதத்தில் பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் இடைவெளி கூடுகிறது என்று அவர்களே எழுதுகிறார்கள். எழுத்தில் இருக்கிறது, ஏட்டில் ஏறவில்லை. கிளப்பும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 1974-ல் வந்த அடுத்த அறிக்கை உலகத்தைப் பத்துப் பிராந்தியமாகப் பிரித்தது. ஆனால் உலகத்தின் மனசில் நின்றது முதல் புத்தகம்தான்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? இருக்கிறது ஸார். 'மனித குலம் அதிகமாகிவிட்டது' என்று ஒரு விஞ்ஞானி சொன்னால், அந்தக் 'குலம்' யாரென்று கேட்பவர் முடிவு செய்கிறார். 1968-ல் உயிரியல் நிபுணர் பால் எர்லிக் எழுதிய 'ஜனத்தொகை குண்டு' எங்கே ஆரம்பிக்கிறது? ஒரு டெல்லி டாக்ஸியில். சூடான ராத்திரி, ஜன்னலுக்கு வெளியே ஜனக்கூட்டம். கணக்குப்படி பூமிக்கு அதிகப் பாரம் அவருடைய ஊரில் காரும் ஃப்ரிட்ஜுமாக இருந்தவர்கள். பயம் வந்ததோ நடைபாதையில் படுத்திருந்தவரைப் பார்த்து.

அந்தப் பயம் அரசாங்கங்களுக்கும் தொற்றியது. எமர்ஜென்சியில், 1976-77 ஒரே வருடத்தில், இந்தியாவில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை ஆபரேஷன். எத்தனை பேர் விரும்பிச் செய்துகொண்டார்கள் என்பது வட இந்தியக் கிராமங்களுக்குத் தெரியும். மெடோஸ் புத்தகத்தைப் படித்துவிட்டா செய்தார்கள்? இல்லை. அந்தப் பழியை அவர்கள் தலையில் போடுவது பாவம். ஆனால் அன்றைக்கு வீசிய காற்று அது. 'நாம் எல்லோரும்' என்று ஆரம்பிக்கிற தீர்மானம் எங்கே போய் முடியும் என்பதற்கு உதாரணம். வாட்ச்மேன் குழாயில்தான்.

இதைப் பார்த்துச் சும்மா இராத விஞ்ஞானிகளும் உண்டு. நம் ஊரில் யாரும் அதிகம் பேசாத புத்தகம் அது. அர்ஜென்டினாவில் பரிலோச்சே என்ற ஊரின் பெயரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம். அங்கே அமில்கார் ஹெரேரா என்ற நிலவியல் நிபுணர் தலைமையில் லத்தீன் அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்தார்கள். 'வேர்ல்ட்-3'-ன் முன்னோட்டம் 1970-லேயே ரியோ டி ஜெனிரோவில் அவர்களுக்குக் காட்டப்பட்டிருந்தது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. எதிர்காலத்தில் பேரழிவு வரும் என்கிறீர்களே, பட்டினி, வியாதி, கூரையில்லாத வாழ்க்கை, இது உலகத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்துவிட்டதே, இதற்கு என்ன பெயர்?

சொந்தமாக ஒரு மாடல் செய்தார்கள். 1976-ல் 'பேரழிவா, புதிய சமுதாயமா?' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் வந்தது. உலகம் நான்கு பகுதி: வளர்ந்த நாடுகள், லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா. எப்போது முட்டிக்கொள்வோம் என்று அது கேட்கவில்லை. எல்லோருக்கும் சாப்பாடு, வீடு, படிப்பு, வைத்தியம் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. பகிர்வை மாற்றினால் ஒரு தலைமுறைக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் பெரும்பாலும் முடியும் என்று விடை வந்தது. ஆசியாவுக்கு உணவில் சிக்கல் வரும் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஜனத்தொகைக்கு அவர்கள் சொன்ன வழி: வாழ்க்கை நிலையை உயர்த்துங்கள், பிறப்பு விகிதம் தானாக இறங்கும்.

பரிலோச்சேகாரர்களும் கனவு கண்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். நாளைக் காலையில் உலகம் முழுக்கச் சமத்துவ ஆட்சி வந்துவிடும் என்கிற மாதிரிதான் அந்த மாடல். நிஜத்தில் புத்தகம் வந்த அதே 1976-ல் அவர்கள் நாட்டில் ராணுவ ஆட்சி வந்தது. ஹெரேரா பிற்பாடு பிரேசிலில் வேலை பார்த்தார். ஆனால் ஜனத்தொகை விஷயத்தில் ஜெயித்தது யார்? உலக வளர்ச்சி விகிதம் 2.1-லிருந்து இன்று ஒன்றுக்கும் கீழே. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. இங்கே போலீஸ் வேன் வந்து அது நடக்கவில்லை. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பிறந்த குழந்தை பிழைத்தது, அம்மாக்கள் இரண்டே போதும் என்றார்கள்.

ஆனாலும் பழைய பாஸ்புக் திரும்பத் திரும்ப வருகிறது. 1990-ல் அமெரிக்காவின் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், பூமியைச் சூடாக்கும் நாடுகளின் பட்டியல் போட்டபோது இந்தியாவும் சீனாவும் முன்வரிசையில் நின்றன. டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் பதில் எழுதினார்கள். நெல் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருகிற வாயுவையும் உல்லாசக் காரிலிருந்து வருகிற புகையையும் எப்படி ஐயா ஒரே காலத்தில் எழுதுகிறீர்கள், ஒன்று பிழைப்பு, மற்றது சொகுசு என்று கேட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள் என்றார்கள். இன்றைக்கும் வகுத்தால் அமெரிக்கருக்கு வருடத்துக்கு 14 டன் அளவில் கரியமில வாயு, இந்தியருக்கு 2 டன் அளவில்.

கேட்க ஜோராக இருக்கிறது, இல்லையா? எனக்கும் இருந்தது. உடனே சட்டைக் காலர் நிமிர்ந்தது. ஆனால் கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? அந்த இரண்டு டன்னும் ஒரு சராசரிதானே? 2007-ல் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு 'ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொண்டு' என்று ஓர் அறிக்கை போட்டது. நம் நாட்டுக்குள்ளேயே மேல் தட்டில் இருப்பவர் கீழ்த் தட்டில் இருப்பவரைப்போல் நாலரை மடங்கு வாயு விடுகிறார் என்று அதில் கணக்கு. உலக சபையில் நாம் காட்டுகிற குறைந்த சராசரி, மின்விசிறிகூட இல்லாதவர் நமக்குக் கொடுத்த கடன். 'வேர்ல்ட்-3' செய்த தப்பை நாம் தேசக்கொடி போர்த்திச் செய்கிறோம்.

அதனால் 'வளர்ச்சியின் எல்லைகள்' கிடைத்தால் படியுங்கள் என்றே சொல்வேன். முதல் அத்தியாயத்தை இரண்டு தடவை படியுங்கள். வட்டிக்கு வட்டி பொய் சொல்லாது, அல்லிக் குளமும் பொய் சொல்லாது. ஆனால் 'நாம்', 'மனித குலம்' என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். யார் பெயரில் கணக்கு? எவ்வளவு ஆகிறது என்று சொல்கிற விஞ்ஞானி, யார் கணக்கில் ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முடியும். இல்லாவிட்டால் பில் எப்போதும் கையில் காசில்லாதவர் வீட்டுக்குத்தான் போகும்.

எங்கள் அபார்ட்மென்ட் கதை பாக்கி இருக்கிறது. புத்தகத்தைப் படித்து முடித்த ஜோரில், அடுத்த மீட்டிங்கில் வீட்டுக்கு ஒரு மீட்டர் வைக்கலாம் என்று எழுந்து பேசினேன். வாட்ச்மேன் குழாயைத் திறந்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். ஆறு மாசம் சண்டை போட்டு, கடைசியில் மீட்டர் வந்தது, குழாயும் திறந்தது. முதல் மாத பில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். குளியல் தொட்டி வீடு முதல் இடம். கார் கழுவுகிற வீடு இரண்டாவது.

மூன்றாவது, என் வீடு.